தோட்டம் அழிந்தது, மந்தை எங்கே?

ஊர் உள்ள வரையில் கோயில் இருக்கும் என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. ஊரே எழுந்து போய்விட்டால் கோயில் என் செய்யும்? இவ்வினாவைப் பேராக் மாநிலத்துத் தமிழரைப் போல் நேருக்கு நேர் கண்டவர் சிலரே. ஈப்போ நகரிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் நோக்கிச் சென்றாலும், தெற்கே கம்பார், தாப்பா, பீடோர் வழியே சென்றாலும், தெலுக் இந்தான் வரையில் சென்றாலும், ஒரு காலத்தில் பால்மரங்கள் நிரை நிரையாக நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அன்றேல் தாமான் வீடுகள் நிற்கின்றன. அந்நிலத்தில் வாழ்ந்த மக்களோடு அவர்தம் மாரியம்மன் கோயில்களும், மரத்தடி முனியாண்டி மேடைகளும், கிறிஸ்தவர்களின் சிறு ஜெபவீடுகளும் இடம் பெயர்ந்தன. சில இடம் பெயரவும் வழியின்றி மறைந்தன.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டது அச்சிறு ஜெபவீடுகளின் சரித்திரம். மெதடிஸ்து, லுத்தரன், ஆங்கிலிக்கன் என்னும் பழைய சீர்திருத்தச் சபைகளின் தமிழ் ஆராதனைகள் பலவற்றில் நரைத்த தலைகள் மிகுந்தும் இளைய முகங்கள் குறைந்தும் வருவதை அச்சபையாரே வருத்தத்தோடு பேசிக்கொள்கின்றனர். 2010-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, எல்லாச் சபையாரையும் சேர்த்து, மலேசிய இந்தியரில் 100-க்கு ஏறக்குறைய 6 பேரே கிறிஸ்தவர். இது சிறு தொகைதான். ஆயினும் இச்சிறு மந்தைக்கு நேர்ந்தது நம் சமூகம் முழுவதற்கும் நேர்ந்ததேயாதலால், கிறிஸ்தவரல்லாத அன்பர்களும் இதனைச் சற்றே ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

விதைத்த காலம்

1877-ஆம் ஆண்டில் பேராக்கில் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ என்பார் கோலகங்சாரில் தம் தோட்டத்தில் சில ரப்பர்க் கன்றுகளை நட்டார். அக்கன்றுகளின் பின்னே இலட்சக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் விதி மறைந்திருந்ததை அன்று எவரும் அறிந்திலர். 1885-ல் மெதடிஸ்து ஊழியரான வில்லியம் ஓல்டம் சிங்கப்பூரில் வந்திறங்கினார். பத்தாண்டு கழித்து, 1895-ல், வில்லியம் ஹார்லி என்னும் பாதிரியார் ஈப்போவில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் துவக்கினார். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் ஈப்போவைச் செல்வ நகராக்கிக் கொண்டிருந்த காலம் அது. பள்ளியும் சபையும் கைகோத்து வளர்ந்தன. ஆங்கிலிக்கன் சபையாரின் தூய யோவான் ஆலயம் 1912-ல் அந்நகரில் எழுந்தது.

தமிழ்க் கிறிஸ்தவர் இந்நாட்டிற்கு இரண்டு வாசல்கள் வழியே வந்தனர். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுப் புகைவண்டி நிலையங்களிலும், அரசாங்கக் கந்தோர்களிலும், ஆஸ்பத்திரிகளிலும் உத்தியோகம் பெற்று வந்தோர் ஒரு சாரார். கங்காணியின் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கித் தோட்டங்களுக்குச் சென்றோர் மற்றொரு சாரார். இவர்களுள் தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து வந்த லுத்தரன் மக்கள் தங்கள் ஞானப்பாட்டுப் புத்தகத்தையும் உடன் கொண்டு வந்தனர். 1919-ல் தாய்நாட்டில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தபின், அதன் போதகர்கள் கடல் கடந்து வந்து இம்மக்களைப் பேணினர். 1960-களின் தொடக்கத்திலேதான் இந்நாட்டு லுத்தரன் சபை தன் காலில் நின்றது.

தோட்டத்தில் போதகர் ஊழியம் எவ்வாறு நடந்ததென்பதை இக்காலத்து இளைஞர் அறிதல் வேண்டும். விடியுமுன் பெரட்டு; பின்னர் நடுப்பகல் வரையில் பால் வெட்டு; அதன்பின் பாலை ஸ்டோரில் சேர்த்துவிட்டு வீடு திரும்புதல். இவ்வுழைப்பு ஓய்ந்த பின்னரே ஜெபத்துக்கு நேரம். ஒரு போதகருக்குப் பல தோட்டங்கள். துரையின் அனுமதியின்றித் தோட்டத்துள் நுழைதல் இயலாது. கிராணியார் கிறிஸ்தவராயிருந்தால் காரியம் எளிது, இல்லையேல் கடினம். ஆலயமில்லாத இடங்களில் தமிழ்ப் பள்ளிக் கொட்டகையே ஆலயம், அதுவுமில்லையேல் ஆயாக்கொட்டகை, அதுவுமில்லையேல் ஒருவர் வீட்டுத் திண்ணை. சம்பள நாளில் எதிரே கள்ளுக்கடை நிரம்பி வழிய, இங்கே பத்துப் பதினைந்து பேர் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் கீர்த்தனை பாடுவர். போதகர் வராத வாரங்களில் உபதேசியார் நடத்துவார். அவரும் இல்லாத இடத்தில் எழுத்தறிந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வேதம் வாசிப்பார். இக்கடைசி மனிதரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. அவரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

நிலமுள்ள சபையும் நிலமற்ற சபையும்

இதே பேராக்கில் வேறொரு சபையின் கதையும் உண்டு. 1903-ல் சீனாவின் பூச்சௌ நாட்டிலிருந்து 300-க்கு மேற்பட்ட மக்கள் சித்தியவானுக்கு வந்து குடியேறினர். அவர்களுட் பெரும்பாலோர் மெதடிஸ்துக் கிறிஸ்தவர். அவர்களை அழைத்து வந்தவர் லூரிங் என்னும் ஜெர்மானியப் பாதிரியார். அவர்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தது. அவர்கள் காடு வெட்டினர், பயிரிட்டனர், பின்னர்த் தத்தம் நிலத்தில் ரப்பரும் நட்டனர். நிலம் அவர்களுடையது, வீடு அவர்களுடையது, ஆகவே கோயிலும் அவர்களுடையதாயிற்று. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் சித்தியவான் பூச்சௌ மெதடிஸ்துகளின் ஊராகவே பேசப்படுகிறது.

நம் தோட்டத்துத் தமிழனுக்கோ குடியிருந்த லயம் கம்பெனிக்குச் சொந்தம். அவன் வெட்டிய மரம் கம்பெனிக்குச் சொந்தம். அவன் ஜெபித்த கொட்டகையும் கம்பெனிக்கே சொந்தம். மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு முழ நிலம் தன் பெயரில் எழுதப்படாதவனுடைய கோயில், துரையின் தயவில் நின்ற கோயில். இரண்டு சபைகளும் ஒரே வேதத்தை வாசித்தன. ஒரே இராகத்தில் பாடின. ஒன்று ஊன்றி நின்றதற்கும் மற்றொன்று சிதறியதற்கும் காரணம் பக்தியின் ஏற்றத்தாழ்வு என்று கூறுவார் உளராயின், அவர் பட்டாவைப் பார்த்தவர் அல்லர்.

அடிமேல் அடி

1938-ல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அதுவரையில் ஒவ்வோர் ஆண்டும் கப்பல்கள் புதிய மக்களைக் கொண்டுவந்தன. இடையில் எத்தனை பேர் மாண்டாலும், எத்தனை பேர் ஊர் திரும்பினாலும் சபை நிரம்பியே இருந்தது. அவ்வூற்று அடைபட்டபின், சபை தன் பிள்ளைகளைக் கொண்டே வாழ வேண்டியதாயிற்று. பிள்ளைகளைப் பேணிக் காக்கும் கலையை அது அதுகாறும் முழுமையாகக் கற்றிருக்கவில்லை.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் ஐரோப்பியப் பாதிரிமார் சிறை முகாம்களில் அடைபட்டனர். சபைகளைத் தாங்கியவர் உள்ளூர்ப் போதகரும் உபதேசியாருமே. தோட்டங்களினின்றும் ஆயிரமாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, மீளாமலே மாண்டனர். எத்தனையோ லயங்களில் தந்தையற்ற பிள்ளைகள் எஞ்சினர்.

புண் ஆறுமுன், 1948 ஜூன் மாதத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிரகடனமாயிற்று. முள்வேலியும் ஊரடங்கும் வந்தன. பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. 1949-க்குப் பின் சீனாவினின்று வெளியேற்றப்பட்ட மேல்நாட்டு மிஷனரிமார் பலர் மலாயாவின் சீனப் புதுக்கிராமங்களில் ஊழியம் செய்ய வந்தனர். அத்தனை ஆட்களும் அத்தனை பொருளும் தமிழர் லயங்களின் பக்கம் திரும்பவில்லை என்பதைக் குறையாக அன்று, சரித்திரமாகவே குறிக்கிறோம்.

1957-ல் நாடு விடுதலை பெற்றது. வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. வாங்கியவர் பழைய தொழிலாளரை வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவரல்லர். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கச் செய்தது அவ்வாபத்திற்கு ஒரு தடுப்பு. ஆனால் வெள்ளம் தடுப்பைவிடப் பெரிது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமையில்லாதார்க்கு வேலைப் பெர்மிட் அவசியமாயிற்று. அடுத்த ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழர் தாய்நாடு திரும்பினர். அவருள் சபை மூப்பரும் இருந்தனர், பாட்டுக்காரரும் இருந்தனர். அதன்பின் செம்பனை வந்தது; அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர்; வீடமைப்புக் கம்பெனிகள் வந்தன. தோட்டத்தைவிட்டு வெளியேறியவர் நகரோரப் புறம்போக்குகளிலும் மலிவு விலை அடுக்கு வீடுகளிலும் ஒதுங்கினர்.

ஈயம் தந்த பாடம்

இத்தகைய சிதைவு நமக்கு மட்டும் நேர்ந்ததோ? அன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்னுவால் என்றொரு நாடு உண்டு. அதுவும் ஈய நாடு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லியின் பிரசங்கத்தைக் கேட்டு அங்குள்ள சுரங்கத் தொழிலாளர் திரள் திரளாக மெதடிஸ்துகளாயினர். ஊருக்கு ஊர், சந்துக்குச் சந்து ஜெபவீடுகள் எழுந்தன. பிற்காலத்தில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்படவே, மக்கள் கடல் கடந்து பிழைக்கச் சென்றனர், ஜெபவீடுகள் காலியாயின. அங்குள்ள ரெட்ருத் என்னும் ஊரைச் சேர்ந்த கம்பெனிக்காரரே நம் கோப்பெங்கில் ஈயம் எடுத்தவர் என்பது இவ்விரு நாடுகளையும் பிணைக்கும் செய்தி. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை முறிந்தது. கிந்தாவின் சுரங்கங்களும் ஓய்ந்தன. கார்னுவாலின் எஞ்சிய சுரங்கங்களும் தள்ளாடின. அவற்றுள் கடைசியானது 1998-ல் மூடப்பட்டது. ஈப்போவின் இளைஞர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போனதுபோலவே, கார்னுவாலின் இளைஞரும் போயினர்.

ஆகவே, சபை தளர்ந்ததற்குக் காரணம் பிசாசின் சூழ்ச்சியென்றோ, இளைஞரின் உலகப்பற்றென்றோ கூறிக் கைகழுவுதல் எளிது, உண்மையாகாது. தொழில் போன இடத்தில் மக்கள் போவர். மக்கள் போன இடத்துக்குப் போதகர் போனாரா என்பதே கேள்வி.

சுவருக்குள்ளே இருந்த சுவர்

புறக் காரணங்களை இவ்வளவு கூறிய நாம், அகக் காரணங்களை மறைத்தல் நேர்மையாகாது.

முதலாவது, சாதி. தஞ்சைத் திருச்சபையில் சாதி வழக்கு எழுந்த வரலாறு யாவரும் அறிந்ததே. கீர்த்தனைகளால் தமிழுக்கு அருந்தொண்டாற்றிய வேதநாயக சாஸ்திரியாரே 1829-ல் சாதி வழக்கத்திற்குப் பரிந்து நூல் எழுதினார். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெரும் பிளவு உண்டாயிற்று. சாதியை ஓரளவு பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனின் நிழலில் பலர் ஒதுங்கினர். அச்சரக்கு அங்கேயே நின்றுவிடவில்லை. மூட்டையோடு கப்பலேறி இங்கும் வந்தது. நற்கருணைக் கிண்ணத்தை ஒன்றாய்ப் பருகியவர், பெண் கொடுக்கும் இடத்தில் குலம் கேட்டனர். பள்ளியில் சமமாய்ப் படித்த இளைஞன் தன் சபையில் அச்சொல்லைக் கேட்கும்போது எழுந்து போகிறான். போனவன் திரும்புவதில்லை. அவனைக் குறை கூற நமக்கு வாயில்லை.

இரண்டாவது, வகுப்பு. கந்தோர்த் தமிழர் ஆங்கில ஆராதனையில் அமர்ந்தனர். தோட்டத் தமிழர் தமிழ் ஆராதனையில் அமர்ந்தனர். ஒரே பட்டணத்தில், ஒரே கர்த்தரின் பெயரால், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமல் இரண்டு தலைமுறை கழிந்தன. தோட்டத்துப் பிள்ளை பட்டணத்திற்கு வந்து அடுக்கு வீட்டில் குடியேறியபோது, அவன் கையைப் பற்றிப் படிப்புக்கும் தொழிலுக்கும் வழிகாட்டத் தக்க கிறிஸ்தவர் அருகிலேயே இருந்தனர். அறிமுகமில்லை.

மூன்றாவது, மொழி. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. தமிழ்ப் பள்ளியில் பயிலாத பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறான். வேதாகமத்தின் பழந்தமிழ் அவனுக்கு எட்டவில்லை. இதற்குத் தமிழைக் கைவிடுதல் பரிகாரமென்று சிலர் கருதுகின்றனர். பாட்டி ஓர் ஆராதனைக்கும் பேரன் மற்றோர் ஆராதனைக்கும் போய்விட்டால், அக்குடும்பத்தில் யார் யாருக்கு விசுவாசத்தைக் கற்பிப்பது? எளிய தமிழில் பிரசங்கமும், ஓய்வுநாள் பள்ளியிலேயே தமிழ் எழுத்தும் ஏன் கூடாதென்று கேட்கிறோம்.

நான்காவது, பெந்தெகொஸ்தே சபைகள் ஆடுகளைத் திருடுகின்றன என்னும் முறையீடு. இதனை நாம் பல மூப்பர் வாய்க் கேட்டுள்ளோம். ஒருமுறை, ஈப்போவின் புறத்தேயுள்ள ஓர் அடுக்கு வீட்டில், தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டியம்மாளைக் காண நேர்ந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் பழைய சபையிலேயே பெற்றவர். இப்போது வேறு கூட்டத்துக்குப் போகிறார். காரணம் கேட்டோம். “ஐயா, நான் எங்கேயும் போகவில்லை. இங்கே குடிவந்து நாலு வருஷம் நம்ம சபையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர்கள்தான் வந்தார்கள்” என்றார். திருட்டென்னும் சொல் இங்கே பொருந்துமோ? காவலின்றி விடப்பட்ட ஆட்டை ஒருவன் கண்டெடுத்தால், குற்றம் கண்டெடுத்தவன்மேல் மட்டும் இல்லை.

ஒரு பென்னியின் கதை

வெஸ்லியின் வாழ்வில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. 1739-ல் அவர் பிரிஸ்டல் நகருக்கு அருகே நிலக்கரித் தொழிலாளர்க்குத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். பின்னர் அந்நகரில் கட்டிய கூட வீட்டின்மேல் கடன் ஏறிற்று. 1742-ல் அக்கடனைத் தீர்க்க ஒரு யோசனை பிறந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் தலைவராயிருந்து, வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று ஆளுக்கொரு பென்னி தண்டுவது. கொடுக்க இயலாதார்க்குத் தலைவர் தம் கையினின்று போடுவது. தலைவர்கள் காசு தண்டப் போனார்கள். போன இடத்தில் குடியும் சண்டையும் பசியும் நோயும் கண்டார்கள். அவற்றை வந்து சொன்னார்கள். அப்போதுதான் தம் மந்தை எப்படி வாழ்கிறதென்பதை வெஸ்லி அறிந்தார். கடன் தீர்க்க எழுந்த ஏற்பாடு, மெதடிஸ்து இயக்கத்தின் உயிர்நாடியாயிற்று. அவ்வகுப்புத் தலைவர்கள் பட்டம் பெற்ற குருமார் அல்லர். தொழிலாளரும் கடைக்காரரும், அவருள் பெண்களுமே.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன அந்தப் பால்வெட்டுத் தொழிலாளியை இப்போது அழைக்கிறோம். போதகர் வராத வாரத்தில் விளக்கேற்றி வேதம் வாசித்தாரே, அவரே நம் நாட்டின் வகுப்புத் தலைவர். சிறை முகாம்களில் பாதிரிமார் இருந்த மூன்றரை ஆண்டுகளில் சபையைக் காத்தவரும் அவரைப் போன்றவரே. சபைகள் பட்டணத்துக்கு வந்து, கல் மண்டபம் கட்டி, சம்பளப் போதகர் ஒருவரை வைத்தபின், அவருக்கு வேலை இல்லாமற் போயிற்று. எல்லாப் பாரமும் போதகர் தோளில் ஏறிற்று. ஞாயிறு ஆராதனை, கலியாணம், சாவு, கட்டட நிதி, கமிட்டிச் சண்டை ஆகிய இவற்றின் நடுவே, நாற்பது மைலுக்குச் சிதறிக் கிடக்கும் முப்பது குடும்பங்களை ஒரு மனிதர் எங்ஙனம் காண்பார்? போதகர் பலர் சோர்ந்து போவதில் வியப்பில்லை.

செய்யத் தக்கவை

முதலில், ஒவ்வொரு சபையும் தன் பழைய பதிவுப் புத்தகங்களைத் திறக்கட்டும். ஞானஸ்நானப் பதிவில் உள்ள தோட்டத்துப் பெயர்களை எடுத்து, அக்குடும்பங்கள் இப்போது எந்தத் தாமானில், எந்த அடுக்கு வீட்டில் உள்ளன என்று தேடட்டும். இவ்வேலைக்குப் பட்டம் வேண்டா, கால்கள் வேண்டும்.

இரண்டாவது, அவ்வாறு கண்ட வீடுகளில் ஒன்றைக் கூடுமிடமாக்கி, அங்குள்ள ஒருவரையே, ஆணாயினும் பெண்ணாயினும், தலைவராக்கட்டும். அங்கே ஜெபத்தோடு பிள்ளைகளின் பாடமும், வேலை தேடும் இளைஞர்க்கு வழிகாட்டலும், குடியில் வீழ்ந்த குடும்பத்திற்குத் துணையும் இருக்கட்டும். அண்டை வீட்டு இந்துப் பிள்ளையும் அப்பாடத்திற்கு வரட்டும்; அவன் மதத்தைக் கேளாமலே கற்பிக்கப்படட்டும்.

மூன்றாவது, 1947-ல் தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்துகளும் பிறரும் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபையாயினர். லுத்தரன் சபை தனியே நின்றது. இந்நாட்டில் அத்தகைய முழு இணைப்பு நாளையே வருமென்று நாம் கனவு காணவில்லை. ஆனால் 1979 முதல் மலேசிய இறையியல் கல்லூரியை மூன்று சபையாரும் கூடியே நடத்துகின்றனர். ஒரே பந்தியில் உண்டு பயின்ற மூவர், ஒரே சிற்றூரில் மூன்று கூரைகளின் கீழ்ச் சொற்பம் பேருக்குப் பிரசங்கிப்பது என்ன நியாயம்? ஆஸ்பத்திரி காணல், வாலிபர் கூட்டம், துக்க வீடு ஆகிய இவற்றையேனும் பங்கிட்டுக்கொள்ளலாகாதா?

நான்காவது, சாதி. இதற்குக் கமிட்டி வேண்டா, தீர்மானமும் வேண்டா. சபை மூப்பர் ஒருவர் தம் மகளைக் குலம் கேளாமல் மணமுடித்துக் கொடுத்தால், நூறு பிரசங்கம் செய்யாததை அது செய்யும்.

கடைசியாக, சில கட்டடங்களை மூடத்தான் வேண்டும். அதனைத் தோல்வியென்று கருதி அழுதல் வேண்டா. மக்களில்லாத இடத்தில் கூரைக்குத் தகரம் மாற்றும் பணம், மக்களுள்ள அடுக்கு வீட்டில் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகலாம். மூடுமுன் அங்கே திருமுழுக்குப் பெற்றோர், மணந்தோர், புதைக்கப்பட்டோர் பெயர்களை எழுதி வைத்துக் கடைசி ஆராதனையில் உரக்க வாசியுங்கள். நிலம் நம்முடையதாக இல்லாத நாட்டில், பெயர்களேனும் நம்முடையவையாக இருக்கட்டும்.

தோட்டத்துத் துரை போய்விட்டார், கம்பெனி போய்விட்டது, பால்மரமும் போயிற்று. மக்கள் போகவில்லை. ஈப்போவின் ஏதோவோர் அடுக்கு வீட்டில், ஐந்தாம் மாடியில், மின்தூக்கி பழுதுபட்ட நாளில், ஒரு கிழவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாரேனும் வருவரா என்று பார்த்துக் கொண்டிருக்கிறாள். அப்படிகளில் ஏறத் துணிவோரின் கையில்தான் பேராக்கின் தமிழ்ச் சபைகளின் எதிர்காலம் இருக்கிறது. ஏறுவார்களாக!